விடியற்காலையில் எழாத கிரிஸ்டல்

நவம்பர் 9, மஞ்சக்குப்பம், கடலூர்

பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரித் தோப்புக்காகச் செய்த எட்டு போர்டுகளில் மூன்று எழவே மாட்டேன் என்கின்றன. போர்வெல் மோட்டாரைத் தொட்டிப் பக்கத்திலிருந்தே போட்டு அணைக்கும் ரேடியோ அது. 865 மெகாஹெர்ட்ஸ், சிசி1101 என்ற ரேடியோ சிப், அதற்குக் கடிகாரத் துடிப்பு தர 26 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். 3.3 வோல்ட் ஒழுங்காக வருகிறது. மற்ற ஐந்தும் ஓடுவதால் டிசைனில் கோளாறு இருக்காது.

தாமதமாகும் என்று தோப்புக்காரருக்குப் போன் போட்டேன். "கொட்டுற மழையில யாரு தம்பி மோட்டார் போடப் போறா? மெதுவா குடுங்க" என்றார்.

நவம்பர் 10

கிரிஸ்டலின் ஒரு காலில் ஸ்கோப் புரோபை (மின் அலையைத் திரையில் காட்டும் கருவியின் முனையை) வைத்ததும் செத்த போர்டு எழுந்துகொண்டது! புரோபை எடுத்தேன், தொடர்ந்து ஓடியது. பவரை அணைத்துப் போட்டால் பழையபடி பிணம். நன்றாக ஓடிய ஒரு போர்டில் வைத்தபோது அது நின்றே போனது.

சிக்னலைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துப் பார்க்கும் 10 மடங்கு புரோப் என்றாலும் அதுவே 10 முதல் 15 பிக்கோஃபாரட் வரை கெப்பாசிட்டன்ஸைக் கூடுதலாகக் கொண்டுவரும். அந்தக் காலில் நான் வைத்திருக்கும் கெப்பாசிட்டரே 27 பிக்கோஃபாரட்தான். ஆக, நான் பார்த்தது என் போர்டை அல்ல, புரோபும் சேர்ந்த வேறொரு சர்க்யூட்டை.

அப்புறம்தான் சிப்பின் ஜிடிஓ0 என்ற வெளியீட்டுப் பின் ஞாபகம் வந்தது. பவர் போட்டதும் இந்தச் சிப் கிரிஸ்டல் துடிப்பை 192-ஆல் வகுத்து அந்தப் பின்னில் தானாகவே வெளியே தரும். 26 மெகாஹெர்ட்ஸுக்கு சுமார் 135 கிலோஹெர்ட்ஸ் வர வேண்டும். அங்கே புரோப் வைத்தால் கிரிஸ்டலுக்குத் தெரியவே தெரியாது. மூன்று போர்டிலும் நேர்கோடு, அதாவது துடிப்பே இல்லை.

என் புரோகிராமும் லேசுப்பட்டதல்ல. கிரிஸ்டல் தயாரானதும் சிப்பின் எஸ்ஓ என்ற டேட்டா பின் கீழே இறங்கும், அதற்குக் காத்திரு என்று எழுதியவன் எவ்வளவு நேரம் என்று எழுதவில்லை. அங்கேயே நின்றுகொண்டிருக்கிறது.

நவம்பர் 11

நாள் முழுக்க மழை, கரண்ட் இல்லை.

நவம்பர் 12

காலையில் மூன்றும் ஊமை. மதியம் வெயில் வந்தது, மூன்றும் ஓடின. இருட்டியதும் இரண்டு மறுபடி படுத்துவிட்டன.

கிரிஸ்டலின் இரு காலிலும் உள்ள கெப்பாசிட்டர் கணக்கைத் திரும்பப் போட்டேன். தொடராக இரண்டு 27 என்றால் 13.5, போர்டின் தடங்கள் தருவது சுமார் 2.5, மொத்தம் 16 பிக்கோஃபாரட். கிரிஸ்டல் கேட்பதும் 16. அங்கே தப்பில்லை.

பிறகு பூதக்கண்ணாடி. இந்த மூன்றிலும் கிரிஸ்டலைக் கையால் மாற்றி வைத்திருந்தேன். அதன் ஓரத்தில் மெல்லிய பழுப்புப் படலம். சால்டரிங் செய்யும்போது தடவும், தண்ணீரில் கரையும் ஃப்ளக்ஸ் அது, நான் துடைத்ததோ ஐபிஏ (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) தொட்ட பஞ்சால். ஹேர் டிரையரை அரை நிமிடம் காட்டினேன், ஓடியது. பவரை அணைத்து, வாயால் ஆவி ஊதிவிட்டுப் போட்டேன், எழவில்லை. சிரித்துவிட்டேன்.

கடலோர ஈரத்தை அந்தப் படலம் உறிஞ்சி, கிரிஸ்டல் கால்களுக்கிடையே கொஞ்சம் மின்சாரத்தைக் கசியவிடுகிறது. கிரிஸ்டலைத் துடிக்க வைக்கச் சிப்புக்குள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயர் மிக நுண்ணிய மின்னோட்டத்தில்தான் நடுநிலையில் நிற்கிறது. அந்தக் கசிவே அதைச் சாய்க்கப் போதும். பெருக்கம் குறைந்தால் துடிப்பு வளராது.

நவம்பர் 13

இரண்டை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவி, கடைசியில் டிஸ்டில்டு வாட்டரில் அலசி உலர்த்தினேன். ஒன்றை வேண்டுமென்றே அழுக்காக விட்டேன்.

மதியம் கிரிஸ்டலோடு தொடராக ரெசிஸ்டர் வைத்து, எவ்வளவு கூடுதல் தடை வரை தாங்கி எழுகிறது என்று பார்த்தேன். கிரிஸ்டலின் உள் தடை அதிகபட்சம் 50 ஓம், அதைப்போல் ஐந்து மடங்காவது தாங்கினால்தான் எனக்குத் தூக்கம் வரும். கழுவியவை 680 ஓம் வரை எழுந்தன. அழுக்குப் போர்டு 100-லேயே நின்றது, அதுவும் நல்ல வெயில் நேரத்தில். மதியம் ஓடியதை நம்பிப் பெட்டியில் போட்டு அனுப்பியிருந்தால் தோப்பில் அசிங்கப்பட்டிருப்பேன்.

அதையும் கழுவியாயிற்று. எட்டையும் இன்றிரவு மொட்டை மாடியில், மழை படாத ஓரத்தில் வைக்கிறேன்.

நவம்பர் 14

அதிகாலை ஐந்தரை. கழுவிய மூன்றும் எழுந்தன. 'நல்ல' ஐந்தில் ஒன்று எழவில்லை. அதன் கிரிஸ்டல் காலையும் ஒருமுறை தொட்டுச் சரிசெய்தது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அடுப்பில் தண்ணீர் வைத்திருக்கிறேன்.