கடலுக்குப் போகாத நாட்கள்: மணப்பாடு குறிப்புகள்

14 ஆகஸ்ட் 2024, புதன்

திருச்செந்தூரில் பஸ் ஏறியபோது கண்டக்டர் இரண்டு தடவை கேட்டார். "மணப்பாடா? குலசை இல்லையா?" குலசேகரன்பட்டினம் என்றால் முத்தாரம்மன் கோயில் இருக்கிறது, தசரா இருக்கிறது. அதையும் தாண்டிப் போய், ஆகஸ்ட் மாதத்தில், ஒற்றைப் பையோடு ஒரு பெண் மணப்பாட்டில் இறங்க வேண்டிய அவசியம் என்ன என்று அவருக்குப் பிடிபடவில்லை. எனக்கும் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. நாட்டுப்படகுகள் கரையேறுவதைக் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும், ஏலத்தைப் பார்க்க வேண்டும், ஒரு வாரம் யாரிடமும் அதிகம் பேசாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இறங்கியதும் முதலில் வரவேற்றது காற்று. மேற்கிலிருந்து வருகிற கச்சான். சேலை முந்தானையைப் பிடிப்பதா பையைப் பிடிப்பதா என்று முடிவெடுப்பதற்குள் பல்லிடுக்கில் மணல் நறநறத்தது. தெரு முழுக்க உயரமான பழைய வீடுகள். மரத்தூண் வைத்த முகப்பு, அடைத்த ஜன்னல்கள். பாதி வீடுகளில் பூட்டு. அந்தக் காலத்தில் கொழும்பு வியாபாரத்தில் கட்டியவை என்றார்கள். பூட்டிய வீட்டுத் திண்ணையிலும் யாரோ பெருக்கிக் கோலம் போட்டிருந்தார்கள்.

தெரிந்தவர் ஒருவர் சொல்லி ஏற்பாடு செய்த மாடி அறை. வீட்டுக்கார அக்கா காப்பி கொடுத்தார். கருப்பட்டிக் காப்பி. பக்கத்தில்தான் உடன்குடி, வேறு எதைப் போடுவார்கள்?

"நாளைக்குக் காலைல வள்ளம் எப்ப வரும் அக்கா?"

"நாளைக்கு மாதா திருநாளுல்லா. ஒரு வள்ளமும் போவாது."

நான் சுதந்திர தினத்தை மட்டும் கணக்குப் பார்த்து லீவு போட்டிருந்தேன். மாதாவின் விண்ணேற்புத் திருநாளும் அதே ஆகஸ்ட் 15 என்பது மண்டையில் ஏறவேயில்லை.


15 ஆகஸ்ட், வியாழன்

காலையில் பூசை மணி. ஊரே புதுத்துணியில் இருந்தது. கரையில் வள்ளங்கள் மூக்கைக் கடல் பக்கம் வைத்து வரிசையாகக் கிடந்தன. ஒரு சிறுவன் ஒரு வள்ளத்தின் முனையில் சின்ன தேசியக்கொடியைச் செருகினான். அடுத்த நிமிஷமே கச்சான் அதைப் பிடுங்கிக்கொண்டு போனது. அவன் அதைத் துரத்திக்கொண்டு ஓடினான்.

திருச்சிலுவைக் கோயில் கடலோர மேட்டின் உச்சியில் நிற்கிறது. 1581இல் கட்டியது. படியேறிப் போனால் ஊர் ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம், நடுவில் நாக்கு மாதிரி நீண்ட மணல்திட்டு. கருமேனியாறு கடலைத் தொடுகிற இடம் அது. தண்ணீர் குறைந்த காலத்தில் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிடும், மழைக்கு ஆறே உடைத்துக்கொண்டு போகும் என்று பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் சொன்னார். அந்தத் திட்டு இருப்பதால்தான் உள்பக்கத் தண்ணீர் அடங்கியிருக்கிறது. வெளிப்பக்கத்தில் அலை சுருண்டு அடிக்கிறது. இந்த மாதங்களில் சர்ஃபிங் பலகையோடு பையன்கள் வந்து நிற்பது அந்த அலைக்காகத்தான்.

மேட்டின் கடல் பக்கம் இறங்கினால் சவேரியார் குகை. பிரான்சிஸ் சேவியர் இந்த முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்தது 1542இல். அவர் வருவதற்குச் சில வருஷங்கள் முன்பே, 1530களில், பரதவர்கள் கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றுவிட்டார்கள். முத்துக்குளிப்பில் வந்த தகராறில் போர்த்துக்கீசியர் பாதுகாப்புத் தேவைப்பட்டதும் அதற்கு ஒரு காரணம். சேவியர் வந்தபோது ஜனங்கள் தயாராக இருந்தார்கள், ஜெபங்கள்தான் தமிழில் இல்லை. குகை சின்னது. குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே போனதும் காற்று சட்டென்று நின்றுவிட்டது. நேற்று மத்தியானத்திலிருந்து காதில் கேட்டுக்கொண்டே இருந்த இரைச்சல் இல்லாமல் போனதே ஒரு சத்தம் மாதிரி இருந்தது. அந்த மனிதர் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குப் பக்தி தவிர இதுவும் காரணமாக இருந்திருக்கும் என்று தோன்றியது. கச்சானில் ஒரு வாரம் இருந்து பார்த்தவர்களுக்குப் புரியும்.

சரி, நாளைக்கு வள்ளம்.


16 ஆகஸ்ட், வெள்ளி

மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, டார்ச்சோடு கரைக்குப் போனேன். நான்கு நாய்கள், நான். கடல் குளம் மாதிரி கிடந்தது. நேற்றைவிட அமைதி. ஆனால் ஒரு வள்ளமும் நகரவில்லை. நாலரை வரை உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன்.

பத்து மணி வாக்கில் ஒரு தாத்தா நிழலில் உட்கார்ந்து வலையைச் சீர்பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய், "கடல் இவ்வளவு சும்மா கிடக்கு, ஏன் தாத்தா போகல?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, அதுவே பெரிய மரியாதை.

"கரையில சும்மாதான் கிடக்கும், தாயி. கச்சான் கரையில இருந்து கடலுக்கு அடிக்கிது. கிட்டத்துல அலை எழும்பாது. போறது சுளுவு. ஒரே தள்ளு, கொண்டு விட்டுரும். திரும்பி வர்றதுக்குத்தான் பாடு. எஞ்சின் நின்னுச்சுன்னா?"

கையை வெளியே, தொடுவானத்துக்கு அந்தப் பக்கம் காட்டினார். மதுரையில் உட்கார்ந்துகொண்டு அலை அடித்தால் ஆபத்து, அடங்கினால் பத்திரம் என்று நினைத்திருந்தேன். இங்கே ஒரு பருவம் முழுக்க அது தலைகீழ்.

அப்புறம் அவர் வலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இடது கால் பெருவிரலில் வலையின் ஓரத்தை மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார். வலது கையில் நூல் சுற்றிய வலை ஊசி. கிழிசலை அப்படியே ஒட்டவைக்க முடியாதாம். முதலில் கத்தியால் ஓரத்தை வெட்டி, முழுக் கண்ணிகளாக ஒழுங்குபடுத்திக்கொள்கிறார். சரிசெய்வதற்காக ஓட்டையை இன்னும் பெரிசாக்குகிறார். பிறகு மேலிருந்து ஒவ்வொரு கண்ணியாக ஊசியை விட்டு, சுண்டுவிரலில் நூலை அளந்து, இழுத்து, முடிச்சு. அளக்கிற சுண்டுவிரலில் ஒரு காய்ப்பு. ஒரு முடிச்சுக்கு மூன்று விநாடிகூட ஆகவில்லை. நான் ஒன்று போட்டுப் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அதை அவிழ்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

சின்ன ஓட்டைகள் பேத்தை மீன் கடித்தவை, பெரிய கிழிசல் ஓங்கல் பண்ணினது என்றார். ஓங்கல் என்றால் டால்பின். "வலையில கிடக்கிற மீனைத் திங்க வரும். நம்ம மீனைத் தின்னுட்டு நம்ம வலையையும் கிழிச்சிட்டுப் போவும். ஆனா பார்க்க அழகா இருக்கும்."


17 ஆகஸ்ட், சனி

இன்றைக்கு வள்ளங்கள் போயின. ராத்திரி காற்று கொஞ்சம் தணிந்ததாம். நான் தூங்கிவிட்டேன். மூன்று நாள் காத்திருந்தவள், சரியாக அன்றைக்கு.

ஆனாலும் வந்ததைப் பார்த்தேன். எட்டு மணிக்கு மேல் ஒவ்வொன்றாக மணல்திட்டைச் சுற்றி வந்தன. வள்ளம் தரை தட்டுவதற்கு முன்பே இரண்டு பேர் இடுப்பளவு தண்ணீரில் குதித்தார்கள். கூடைகள் மணலுக்கு வந்ததும் ஏலம். ஏலம் என்றால் மேடை, மைக் என்று எதையோ கற்பனை செய்துவைத்திருந்தேன். மணலில் ஒரு குவியல் சாளை, சுற்றி பத்துப் பன்னிரண்டு பேர், நடுவில் ஒருவர் மந்திரம் ஓதுவது மாதிரி தொகையைச் சொல்லிக்கொண்டே போகிறார். யாரும் வாயைத் திறந்து கேட்கவில்லை. ஒரு அம்மா தாடையை லேசாக உயர்த்தினார், தொகை ஏறியது. கைலி கட்டிய ஒருவர் பார்வையை வேறு பக்கம் திருப்பினார், அவர் விலகிவிட்டார் என்று அர்த்தம். முழுசாக ஒரு நிமிஷம் இருக்காது, குவியல் அந்த அம்மாவுடையது. அவர் அதன் மேலே ஒரு பிடி மணலைத் தூவிவிட்டு அடுத்த குவியலுக்கு நகர்ந்தார்.

ஒரு கூடையில் நான்கு சிங்கி இறால் தனியாக, ஈரச் சாக்கு போர்த்தி. அவற்றுக்கு ஏலமே இல்லை. உயிரோடு எடுத்துப் போக ஆள் வந்து நின்றது. பிடித்தவர்கள் வீட்டில் அதைச் சமைப்பதுண்டா என்று அக்காவிடம் கேட்டேன். "அதுக்குக் கால் ஒடிஞ்சு போனா சமைப்போம்" என்றார்.

மத்தியானம் சாளைக் குழம்பு. சொல்ல ஒன்றுமில்லை, மூன்று முறை சோறு வாங்கினேன்.

சாயங்காலம் எதிர்வீட்டுத் திண்ணையில் ஓலை வேலை செய்கிற பெண்களோடு. பனங்குருத்தை ஈர்க்கு நீக்கி, நகத்தால் கீறி, ஒரே அகலத்தில் கிழிக்கிறார்கள். சாயம் காய்ச்சி முக்கிக் காயவைத்த ஓலை சிவப்பும் பச்சையுமாகக் கிடக்கிறது. காற்றில் பறக்காமலிருக்க ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு கல். மூடி போட்ட சின்னப் பெட்டி ஒன்று வாங்கினேன். ஓலை காய்ந்துவிட்டால் ஒடியும், அதனால் ஈரத்துணியில் சுற்றி வைத்தே பின்னுவார்களாம். கடலுக்குப் போகாத நாளில் ஆண்கள் திண்ணையில் கிடக்க, இந்தக் கைகள் மட்டும் லீவு இல்லாமல் ஓடுகின்றன. அதை ஒரு அம்மா சொல்லியும் காட்டினார், அவர் வீட்டுக்காரர் காதில் விழும்படி.

பேச்சு ராக்கெட்டுக்குப் போனது. குலசையில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு இந்த வருஷம் பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கைக்கு மேல் பறக்காமல் வளைந்து போக வேண்டும், அதற்கு எரிபொருள் வீணாகும். சின்ன ராக்கெட்டுக்கு அது கட்டுப்படியாகாது. இங்கிருந்து என்றால் நேரே தெற்கே கடல்தான். இதையெல்லாம் நான் விளக்கத் தொடங்கியபோது, பத்தாவது படிக்கிற பெண் என்னைவிடச் சரியாகச் சொன்னாள். அவள் அப்பாவுக்கு வேறு கவலை. "விடுற அன்னிக்குக் கடலுக்குப் போவாதம்பான். ஏற்கெனவே காத்துக்கு ஒரு நாள், நிலாவுக்கு ஒரு நாள், சாமிக்கு ஒரு நாள். இப்ப ராக்கெட்டுக்கு ஒரு நாளா?"


18 ஆகஸ்ட், ஞாயிறு

ஞாயிறு. கடல் இல்லை. கேட்டுக்கொள்ளவே வேண்டாம்.

பூசைக்குப் பிறகு ஆட்டோ பிடித்துத் தேரிக்குப் போய்வந்தேன். குதிரைமொழித் தேரி. கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பு மணல், நடுநடுவே பனையும் கொல்லாமரமும். இந்தக் காற்று காலங்காலமாக அள்ளிக் கொட்டிய மணல்தான் இவ்வளவும். நான்கு நாளாக என் தலையணையில் சேர்ந்ததைப் பார்த்தால் நம்ப முடிகிறது. அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் அந்த மணலுக்கு நடுவே நல்ல தண்ணீர்ச் சுனை. முகம் கழுவிக்கொண்டு திரும்பினேன்.

தாத்தா கரையில் இருந்தார். வலை முடிந்துவிட்டது. நாளைக்கு நான் கிளம்புவதைச் சொன்னேன்.

"நாளைக்குப் பௌர்ணமி. ரொம்பப் பேர் போவ மாட்டான். நிலா வெளிச்சத்துல மீனுக்கு வலை தெரியும். தூண்டிக்காரன் ரெண்டொருத்தன் போவான். போறதைப் பார்க்கணும்னா மூணு மணிக்கு வா. வந்தா எத்தனைன்னு எண்ணிக்க."

"எதுக்குத் தாத்தா?"

"போனதை எண்ணினாத்தான வந்ததை எண்ண முடியும்."


19 ஆகஸ்ட், திங்கள்

தூங்கவில்லை. இரண்டரைக்கே போய்விட்டேன்.

நிலா மேற்கே சாய்ந்திருந்தது. கரை முழுக்க வெளிச்சம், டார்ச்சே வேண்டாம். காற்று இருந்தது, ஆனால் பிடுங்குகிற காற்று இல்லை. ஒருவர் மணலை ஒரு பிடி எடுத்து விரல் வழியே விட்டு, அது எவ்வளவு தள்ளி விழுகிறது என்று பார்த்தார். அலையோரம் போய்க் காலை வைத்து நின்றார், நீவாடு, அதாவது நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று. பாக்கெட்டில் ஸ்மார்ட்போன், அதில் காற்று வேகம் காட்டுகிற செயலி. அதையும் பார்த்தார். எதை நம்பினார் என்று தெரியவில்லை. தலையை ஆட்டினார், மற்றவர்கள் எழுந்தார்கள்.

வள்ளத்தை ஆறு பேர் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். முதலில் அசையவே இல்லை. பிறகு ஒரு அலை அடியில் நுழைந்து தூக்கிய அந்த நொடியில் அத்தனை பாரமும் போய்விட்டது. கடைசி ஆள் முட்டளவு தண்ணீரில் நின்று, விரலை நனைத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு ஏறினான். எஞ்சின் இரண்டாவது இழுப்பில் பிடித்தது.

ஏழு வள்ளம். இரண்டு தடவை எண்ணினேன்.

காலையில் பையைக் கட்டிவிட்டுத் திரும்பக் கரைக்குப் போனேன். ஒன்பதரைக்குப் பஸ். ஒன்பது மணிக்கு நான்கு வந்திருந்தன. ஒன்பதே காலுக்கு ஐந்தாவது, கொஞ்சம் விளமீனோடு. மற்ற இரண்டும் எங்கே என்று யாரும் கேட்கவில்லை, நான்தான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேட்டுக்கோயில் அடையாளத்தைப் பிடித்துத்தான் எல்லாரும் கரை சேர்கிறார்கள், அது எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பஸ் ஹார்ன் அடித்தது.

திருச்செந்தூரில் இறங்கியதும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, அந்த ரெண்டு வள்ளம்?"

"எந்த ரெண்டு?" கொஞ்ச நேரம் யோசித்தார். "ஓ, அதுவா. அது அப்பவே வந்தாச்சே. நீ ஓலைப் பெட்டியை மேல விட்டுட்டுப் போயிட்ட, பாரு."