மைனஸ் 31இல் பல்லிச் சத்தம்

திறப்பைத் திருப்பினேன். எஞ்சின் உறுமவில்லை. பல்லி சொல்வதுபோல் ‘டிக் டிக் டிக் டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. கனடாவின் வினிப்பெக்கில் காலை ஆறே முக்கால், மைனஸ் 31 பாகை. பல்லி சொன்னால் எந்தத் திசையில் சொன்னது என்று அம்மா பார்ப்பா. நான் திருகோணமலைக்கு வீடியோவில் அழைத்தேன்.

அங்கே மாலை ஆறேகால். பின்னால் பத்திரகாளி கோவில் மணி கேட்க அப்பா எடுத்தார். நாற்பது வருடம் கராஜ் வைத்திருந்தவர். வாகனம் வாசலுக்கு வருமுன்பே சத்தத்தை வைத்துப் பழுதைச் சொல்லிவிடுவார். “இஞ்சயும் சரியான குளிர் பிள்ளை, வாடை அடிக்குது, காதுக்குத் துவாய் கட்டியிருக்கிறன்” என்றார். 25 பாகை இருக்கும். நான் மறுத்துப் பேசவில்லை.

“ஸ்பீக்கரில போட்டிட்டுத் திறப்பைத் திருப்பு.”

திருப்பினேன்.

“ஸ்டார்ட்டர் பழுதெண்டால் பெரும்பாலும் ஒரேயொருக்கா ‘டொக்’ எண்டு கேக்கும். இது பற்றரி. லைற்றைப் போட்டுத் திரும்பத் திருப்பு, மங்குதோ?”

மங்கியது, அணைந்தே போகும்போல் இருந்தது. ஸ்டார்ட்டரின் சொலனொயிட் என்கிற காந்தச் சுவிச்சை இழுக்கிற அளவுக்குப் பற்றரியில் உயிர் இருக்கிறது, எஞ்சினைச் சுற்றுகிற வலு இல்லை. இழுக்கும், வலு விழும், விடும், மறுபடி இழுக்கும். அந்தப் பல்லி இதுதான். எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பற்றாவிட்டால்தான் பெற்றோலையும் ஸ்பார்க் பிளக்கையும் பார்க்க வேண்டும். கராஜ் மூலையில் பழைய ரயர்மேல் இருந்தபடி, அப்பா பொடியளுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதை எத்தனை தரம் கேட்டிருப்பேன்!

குளிரில் பற்றரிக்கு மத்தளத்தின் நிலைமை. மைனஸ் 18இலேயே அதன் வலு பாதியளவுக்கு இறங்கிவிடும். எண்ணெயும் தடித்துவிடுவதால் எஞ்சினைச் சுற்ற முன்னைவிடக் கூடுதல் வலு வேண்டும். மார்கழி மழைநாட்களில் எங்கள் வீட்டுத் தேங்காயெண்ணெய்ப் போத்தலின் அடியில் வெள்ளை படியும், அம்மா அதை வெயில் வரும் படியில் வைப்பா. எஞ்சின் எண்ணெய்க்கும் அந்தக் கதிதான். அதனால்தான் இங்கே 0டபிள்யூ-20 என்று இலகுவான எண்ணெய் ஊற்றுகிறார்கள். அந்த ‘டபிள்யூ’ விண்டரைக் குறிப்பது. அப்பாவின் அலுமாரியிலும் 20டபிள்யூ-50 தகரங்கள் வரிசையாக நின்றன. திருகோணமலையில் அந்த எழுத்துக்கு வேலை இருந்ததில்லை.

எனக்கு அழுகை வந்தது குளிரால் அல்ல. ஊரில் வாகனம் நின்றால் நாலுபேர் வருவார்கள். உவர்மலை இறக்கத்தில் அப்பாவின் பழைய வான் மூக்கைக் கீழே காட்டித்தான் நிற்கும், பற்றரி படுத்தால் உருட்டி இரண்டாம் கியரில் பிடிக்கலாம் என்று. ஒருமுறை அநுராதபுரச் சந்தியில் அது நின்றுபோனது. தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் கோப்பையை வைத்துவிட்டு வந்து தள்ளினார்கள். மீன்பெட்டி கட்டிய சைக்கிள்காரரும் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஓடிவந்தார். வான் பற்றியதும் எல்லோரும் கை தட்டினார்கள். அப்பா நிற்காமல் ஓடியபடியே கையை வெளியே நீட்டிக் கும்பிட்டார், நின்றால் மறுபடி அணைந்துவிடும். இந்த ஒட்டோமற்றிக் காரைத் தள்ளியும் பிரயோசனமில்லை. தள்ள இந்த வெள்ளைத் தெருவில் ஒரு மனித உருவமும் தெரியவில்லை.

பிறகு பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரர் வயர்களோடு வந்தார். பற்றரியின் பக்கங்களை முதலில் தடவிப் பார்த்தார். வலுவிழந்த பற்றரிக்குள் இருக்கும் திராவகம் இந்தக் குளிரில் உறைந்து பெட்டி வீங்கிவிடும், அப்படியானதற்கு மின் கொடுத்தால் வெடிக்கலாம். அப்பாவுக்கு இது புதிது. மீற்றரில் 11.9 வோல்ற். “12.6 இருக்கவேணும்” என்றார் அப்பா. “கறுப்பைக் கடைசியாக் கொழுவச் சொல்லு, எஞ்சின் இரும்பில, பற்றரிக்குத் தள்ளி. பொறி பறந்தால் வாயு பத்தும்.” பஞ்சாபிக்காரர் கறுப்பு வயரை ஏற்கெனவே எஞ்சின் இரும்பில்தான் கொழுவிக்கொண்டிருந்தார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது, இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டியதை நான் மட்டும் கண்டேன்.

எஞ்சின் பற்றியது. அவர் என் காரின் முன்புறத்திலிருந்து தொங்கிய பிளக்கைத் தொட்டுக் காட்டினார். எஞ்சினைச் சூடாக்கும் கருவியுடையது அது, இரவில் வீட்டு மின்சாரத்தில் கொழுவ வேண்டும். நான்கு கிலோமீற்றர் வேலைக்கு ஓடி நிறுத்தினால் பற்றரி நிரம்ப நேரம் போதாது என்றும் சொன்னார்.

இப்போது பழகிவிட்டது. புதுப் பற்றரி போட்டாயிற்று. தினமும் இரவு பிளக்கைக் கொழுவுகிறேன், மாடு கட்டுவதுபோல. கொழுவிவிட்டு நிமிரும்போது மூக்கில் ஏறும் குளிர்காற்றில் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் வந்து நிற்கும். அப்பம்மாவின் காரியத்துக்குப் போன விடியலில் ஏழு கிணற்றிலும் மாறி மாறி அள்ளி வார்த்தோம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. ஈரத்துண்டோடு வானில் ஏறியபோது அப்பா ஸ்டார்ட் எடுக்கமுன் ஒரு கணம் காது கொடுத்தது நினைவிருக்கிறது.

அன்றிலிருந்து காலையில் அப்பாதான் அழைக்கிறார். “சத்தத்தைக் கேக்க விடு” என்பார். திருப்புவேன். எஞ்சின் பற்றும், அங்கே மணி அடிக்கும்.

“ஓம், சரி. போயிட்டு வா பிள்ளை.”