20 கொண்டை ஊசி ஏறினா 25 கிலோமீட்டர் ஆழம்

சேலத்துக்காரனுக்கு ஏற்காடுன்னா என்ன, லீவு கெடச்சா பைக்க எடுத்துட்டு மேல போறது, ஏரிக்கரையில மொளகா பஜ்ஜி, லேடீஸ் சீட்ல நின்னு நாலு போட்டோ, இருட்டறதுக்குள்ள எறங்கிடறது, அவ்ளோதான். இந்த தடவை கல்லு பாக்கறதுக்குன்னே போலாம்னு முடிவு பண்ணி எங்க சித்தப்பாவையும் கூட்டிட்டு கெளம்பினேன். அவரு வெள்ளக்கல் சுரங்கத்துல ரொம்ப வருஷம் வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு, எந்த கல்ல எடுத்தாலும் ஒடச்சு பாத்து, நக்கி பாத்துட்டு தான் பேரு சொல்லுவாரு. நான் யூட்யூப்ல நிலவியல் லெக்சரா பாத்து பைத்தியம் புடிச்சு கெடக்கறவன். வீட்ல சித்தி "ரெண்டு பேரும் கல்ல தூக்கிட்டு வந்து வாசல்ல கொட்டுனீங்கன்னா நடக்கறதே வேற"ன்னு சொல்லி தான் அனுப்பிச்சாங்க.

இத்தனை வருஷமா இதே ஊர்ல இருந்துட்டு எனக்கு தெரியாம போன விஷயம் என்னன்னா, மத்த ஊர்ல ஆழ்துளை போட்டாலும் எட்ட முடியாத ஆழத்து கல்லெல்லாம் சேலத்துல ரோட்டோரமா கெடக்குது. மனுஷன் தோண்டினதுலயே ஆழமான ஓட்டை ரஷ்யாவுல கோலாங்கற எடத்துல இருக்கு, 12,262 மீட்டர், அதாவது பன்னெண்டே கால் கிலோமீட்டர். அதுக்கு மேல சூடு தாங்காம விட்டுட்டாங்க. பூமியோட மையம் 6,371 கிலோமீட்டர் ஆழத்துல இருக்குன்னு வெச்சு பாத்தா, அது தோல கூட தாண்டல. நம்ம டவுன் பஸ்ல போயே அத விட ஆழத்து கல்ல பாக்கலாம்.

மொதல்ல போனது கஞ்சமலை. இளம்பிள்ளை ரோட்டுல சித்தர் கோயில் பக்கம் வண்டிய நிறுத்திட்டு, மழத்தண்ணி ஓடி காஞ்சு கெடந்த ஒரு ஓடையில எறங்கினோம். பழைய ஸ்பீக்கர்ல இருந்து கழட்டின காந்தம் ஒண்ண பிளாஸ்டிக் கவர்ல சுத்தி கொண்டு போயிருந்தேன், அத மணல்ல ஒரு இழுப்பு இழுத்து தூக்கினா கவர் பூரா கருப்பு பொடி முள்ளு முள்ளா நிக்குது. காந்தத்த கவர்ல இருந்து உருவின உடனே பொடி மொத்தமும் பொலபொலன்னு உதிருது. மறுபடி, மறுபடி. பக்கத்துல ஆடு மேச்சிட்டு இருந்த பையன் வாங்கி அவனும் பத்து தடவை பண்ணான். அந்த பொடி மேக்னடைட், இரும்புத்தாது. மேல இருக்கற பாறையில இருந்து உதிர்ந்து மழத்தண்ணியில அடிச்சுட்டு வர்றது. அந்த பாறைய பக்கத்துல வெச்சு பாத்தீங்கன்னா ஒரு வரி கருப்பு, ஒரு வரி வெள்ளைன்னு பட்டை பட்டையா ஓடும், கருப்பு மேக்னடைட், வெள்ளை குவார்ட்ஸ், கையில எடுத்தா சைஸுக்கு சம்பந்தமே இல்லாத கனம்.

இது ஒரு காலத்துல கடலுக்கு அடியில படிஞ்சது. 250 கோடி வருஷத்துக்கும் முன்னாடி கடல் தண்ணியில ஆக்சிஜன் கெடையாது, அதனால இரும்பு தண்ணியிலயே கரைஞ்சு கெடந்துச்சு, அப்புறம் நுண்ணுயிர் எல்லாம் ஆக்சிஜன விட ஆரம்பிச்சதும் அந்த இரும்பு துரு புடிச்சு அடியில அடுக்கடுக்கா படிஞ்சுது, உலகத்துல இப்ப எடுக்கற இரும்புத்தாதுல பெரும்பங்கு இப்டி படிஞ்சது தான். ஸ்கூல்ல அக்கினிப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறைன்னு மூணு கட்டம் போட்டு குடுத்து அதது அந்தந்த கட்டத்துல இருக்கற மாதிரி படிக்க வெச்சாங்க இல்லையா, எனக்கு அதுல தான் கோவமே. கஞ்சமலை கல்லு படிவுப்பாறையா பொறந்து, அப்புறம் பூமிக்குள்ள புதைஞ்சு, சூட்டுலயும் அழுத்தத்துலயும் உருமாறி இப்ப வேற கட்டத்துல உக்காந்திருக்கு. கல்லுக்கு அது ஒரு நிலைமை, சாதி சர்டிஃபிகேட் இல்ல.

இந்த இரும்ப நம்பி கம்பெனி காலத்துல ஜோசையா மார்ஷல் ஹீத்னு ஒருத்தர் 1830 வாக்குல பரங்கிப்பேட்டையில இரும்பாலை ஆரம்பிச்சாரு, தாது சேலத்துல இருந்து. உருக்கறதுக்கு கரி வேணும், கரிக்கு காடு வேணும், கடைசில கட்டுப்படியாகாம போச்சு. இன்னிக்கு மலை அடிவாரத்துல இருக்கற சேலம் உருக்காலை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு பேர் போனது, ஆனா இந்த மலையோட தாது அதுக்குள்ள போறது இல்ல, இது நெறைய சேலத்துக்காரங்களுக்கே தெரியாது.

அங்க இருந்து ஊர சுத்திட்டு கருப்பூர் பக்கம் வந்தோம், சித்தப்பாவோட ஏரியா. வெள்ளைக்காரன் சாக் ஹில்ஸ்னு எழுதி வெச்சது இந்த வெள்ளை மேடுங்கள தான், சாக்குக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, அந்த வெள்ளை மேக்னசைட்ங்கற மெக்னீசிய கனிமம் (காந்தத்துல ஒட்டின மேக்னடைட் வேற). ரயில்ல சேலத்துல இருந்து ஓமலூர் பக்கம் போறவங்க மேக்னசைட் ஜங்ஷன்னு போர்டு பாத்திருப்பீங்க. ஒரு கல்லு பேர்ல ரயில்வே ஜங்ஷன் இருக்கற ஊரு எங்களுது!

சுரங்கத்துக்குள்ள சும்மா போக விடமாட்டாங்க, வெளிய ரோட்டோரத்து வெட்டுலயே போதும். பச்சையும் பழுப்பும் கலந்து மக்கிப்போன ஒரு பாறை, அதுக்குள்ள வெள்ளை நரம்பு குறுக்கும் நெடுக்குமா பின்னி கெடக்குது, சில எடத்துல நூலு தடிமன், சில எடத்துல கை தடிமன். சித்தப்பா ஒரு வெள்ளை துண்ட எடுத்து நாக்குல வெச்சாரு, ஒட்டுச்சு.

"பாருடா, நல்ல சரக்கு."

"சித்தப்பா, வெள்ளைய விடுங்க, அந்த பச்சை கல்லு என்னன்னு சொல்லுங்க."

"அது வேஸ்ட்டுடா. டூனைட்டு. அத தள்ளிட்டு தான் வெள்ளைய எடுப்போம்."

அவரு வேஸ்ட்டுன்னு சொன்ன டூனைட்ட பாக்க தான் நான் வந்ததே. அதுல கிட்டத்தட்ட முழுசும் ஒலிவின்ங்கற பச்சை கனிமம். நம்ம காலுக்கு கீழ மேலோடு 35 கிலோமீட்டர், 40 கிலோமீட்டர்னு இருக்கும், அதுக்கு கீழ மேன்டில், 2,900 கிலோமீட்டர் ஆழம் வரைக்கும். அந்த மேன்டிலோட மேல்பாகத்துல அதிகமா இருக்கறது இதே ஒலிவின் தான். அந்த சாதி கல்லு இங்க வெளிய வந்து வெயில் காயுது. கார்பன் டை ஆக்சைடு கலந்த தண்ணி விரிசல் வழியா ஓடி, ஒலிவின்ல இருக்கற மெக்னீசியத்தோட சேந்து மேக்னசைட்டா ஒறைஞ்சுது, அந்த விரிசல் தான் வெள்ளை நரம்பு. காத்துல ஏறிப்போன கார்பன் டை ஆக்சைட கல்லா மாத்தி பூட்டி வெக்கலாமான்னு இப்ப உலகம் பூரா ஆராய்ச்சி ஓடுது, ஐஸ்லாந்துல தண்ணியில கரைச்சு பசால்ட்ங்கற எரிமலை பாறைக்குள்ள ஏத்தியே பாக்கறாங்க, இங்க யாரும் சொல்லாமயே அந்த வேலை நடந்து முடிஞ்சிருக்கு. மேக்னசைட்ட சுட்டு கெடைக்கற மெக்னீசியம் ஆக்சைடு உருகறதுக்கு 2,800 டிகிரி பக்கம் வேணும், அதனால தான் உருக்காலை உலைக்குள்ள பதிக்கற செங்கல்லு இதுல பண்றாங்க.

ஒரு சின்ன கிளைக்கதை. மேன்டில்னா ஆரஞ்சு கலர்ல கொதிக்கற குழம்புன்னு தான் எல்லா பாடப்புத்தக படமும் காட்டுது. மேன்டில் கெட்டி. பாறை தான், ஆனா அந்த சூட்டுல கோடிக்கணக்கான வருஷத்துல மெதுவா நகரக்கூடிய பாறை. இது எப்டி தெரியும்னா நிலநடுக்க அலை. அதுல எஸ் அலைன்னு ஒரு வகை திரவத்துக்குள்ள போகாது, மேன்டிலுக்குள்ள ஜம்முன்னு போகுது. அதுக்கு கீழ வெளிக்கருவுல போய் நின்னுடுது, ஏன்னா அது உருகின இரும்பு. அதுக்கும் உள்ள மறுபடி கெட்டியா ஒரு உள்கரு இருக்குன்னு 1936ல 'இங்கே லேமன்'ங்கற பேருள்ள டென்மார்க் அம்மா கண்டுபுடிச்சாங்க. கரு ஒண்ணு தனியா இருக்குன்னு 1906ல அலைய வெச்சு மொதல்ல காட்டினது ரிச்சர்ட் ஓல்தாம், இந்திய நிலவியல் துறையில வேலை பாத்தவரு, 1897 அசாம் நிலநடுக்கத்த ஆராஞ்சவரு.

சரி, மலை ஏறுவோம். அடிவாரத்துல டீ குடிச்சிட்டு ஏற ஆரம்பிச்சா 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போர்டு இருக்கும், வேன்ல வர்ற பசங்க எல்லாம் சத்தமா எண்ணிட்டே வருவாங்க. நாங்க பாதி மலையில வண்டி நிறுத்த எடம் இருக்கற ஒரு வளைவுல ஒதுங்கினோம். ரோட்டுக்காக வெட்டின பாறை சுவரு, மேல பழுப்பா மக்கி, ஒடஞ்சு விழுந்த துண்டுல மட்டும் புது முகம் தெரியுது. அந்த முகத்த பாக்கணும் நீங்க. கருப்புன்னு சொல்லவும் முடியாது, பச்சைன்னு சொல்லவும் முடியாது, எண்ணெய் தடவின மாதிரி ஒரு மினுமினுப்பு, குவார்ட்ஸ் கூட வெள்ளையா இல்லாம நீலம் பாரிச்சு இருக்கு. சில எடத்துல பெரிய உருண்டைங்க வெங்காயம் உரியற மாதிரி அடுக்கடுக்கா தோலு கழண்டு நடுவுல கெட்டி கல்லு மட்டும் மிச்சம். நாம கருங்கல்னு சொல்லி அம்மி, ஜல்லி, எம் சாண்ட்டுன்னு அரைக்கற அதே கல்லு தான், நிலவியல்ல சார்னகைட்.

இந்த பேருக்கு ஒரு கதை இருக்கு. கல்கத்தாவ நிறுவினதா சொல்ற ஜாப் சார்னக்கோட கல்லறைக்கல்லு மெட்ராஸ்ல இருந்து போனது. தாமஸ் ஹாலண்ட்ங்கற நிலவியலாளர் அத ஆராஞ்சு 1893ல அவர் பேரையே கல்லுக்கு வெச்சிட்டாரு. பல்லாவரம், பரங்கிமலை, நீலகிரி, சேர்வராயன் மலை எல்லாம் இதே குடும்பம்.

இந்த கல்லு உருவான ஆழம் 25 கிலோமீட்டருக்கு மேல, சூடு 700 டிகிரிக்கு மேல, வயசு ஏறக்கொறைய 250 கோடி வருஷம். அந்த ஆழத்துல தண்ணி சத்தெல்லாம் வெளிய தள்ளப்பட்டு காஞ்ச நிலைமையில ஆர்த்தோபைராக்சின்ங்கற கனிமம் உருவாகும், அது தான் சார்னகைட்டுக்கு அடையாளம். ஆக நாங்க மேல ஏற ஏற, மேலோட்டோட அடிப்பாகத்துல ஏறிட்டு இருக்கோம். இத நான் சொன்னதும் சித்தப்பா பட்டுன்னு கேட்டாரு,

"சரிடா, அப்ப மேல இருந்த 25 கிலோமீட்டர் எங்க போச்சு?"

சூப்பர் கேள்வி, லேடீஸ் சீட் போற வரைக்கும் அதே தான் ஓடுச்சு. மழையும் ஆறும் அரிச்சு கடலுக்கு கொண்டு போயிருச்சு. 25 கிலோமீட்டர 250 கோடி வருஷத்துக்கு பிரிச்சா லட்சம் வருஷத்துக்கு 1 மீட்டர், ஒரே சீரா நடந்திருக்காது, ஆனா நம்ப முடியாத வேகம் ஒண்ணும் இல்ல. மேல இருக்கற பாரம் கொறைய கொறைய மேலோடு மேன்டில் மேல மெதக்கற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா எழும்பும், அதனால அடிக்கல்லு மேல வந்துட்டே இருக்கும்.

அப்ப 25 கிலோமீட்டர் ஆழத்துக்கு மொதல்ல யாரு தள்ளினாங்க? அதுக்கு தான் தட்டு, அதாவது பூமியோட மேல்பாகம் ஒடஞ்சு மெதுவா நகர்ற பெரிய பெரிய துண்டுங்க. இமயமலைய நெனச்சுக்கோங்க. சுமார் 5 கோடி வருஷத்துக்கு முன்னாடி இந்தியத் தட்டு ஆசியா மேல மோதுச்சு, இன்னும் வருஷத்துக்கு 5 சென்டிமீட்டர் கணக்குல வடக்கால போயிட்டு தான் இருக்கு, திபெத்துக்கு கீழ மேலோடு 70 கிலோமீட்டர் வரைக்கும் தடிச்சு போச்சு. அந்த தடிப்போட அடியில இன்னிக்கு வேகுற கல்லு நம்ம ஏற்காட்டு கல்லு மாதிரி தான் ஆகிட்டு இருக்கும். மலை மொத்தமும் தேஞ்சு அடிவேர் வெளிய தெரிய இன்னும் எத்தனையோ கோடி வருஷம் ஆகும். நம்ம ஊருல அந்த வேலை முடிஞ்சிருச்சு.

1912ல ஆல்பிரட் வெக்னர் கண்டம் நகருதுன்னு சொன்னப்ப எது தள்ளுதுன்னு அவரால காட்ட முடியல, பெரிய ஆளுங்க பல பேரு ஏத்துக்கல. 1960கள்ல கடல் தரை விரியறத கண்டுபுடிச்ச அப்புறம் தான் வழிக்கு வந்தாங்க. இதே சார்னகைட் இலங்கையில இருக்கு, மடகாஸ்கர்ல இருக்கு, அண்டார்டிகாவோட கிழக்கு பாகத்துலயும் இருக்கு. எல்லாம் ஒரு காலத்துல கோண்டுவானாங்கற ஒரே பெருங்கண்டமா ஒட்டி கெடந்த துண்டுங்க.

மத்தியானம் சாப்ட்டு ஹோலி டிரினிட்டி சர்ச் பக்கம் போனோம். 1863ல பல்லாவரத்துல கற்கால கோடாரிய கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் கடைசி காலத்துல ஏற்காட்டுல தான் வீடு கட்டி இருந்தாரு, அவரு நினைவிடம் இங்க இருக்கு. சேலம் மாவட்ட கல்ல எல்லாம் நடந்து நடந்து வரைபடம் போட்டவங்கள்ல அவரும் ஒருத்தர். டூரிஸ்ட்டு கூட்டம் பகோடா பாயிண்ட்ல தான், இங்க நாங்க மட்டும்.

கடைசியா சேர்வராயன் கோயில், 1,600 மீட்டருக்கு மேல, இந்த மலையோட உச்சி. குனிஞ்சு போற குகைக்கோயில். வெளிய வந்தா தட்டையான மைதானம், மண்ணு செக்கச்செவேல்னு. இவ்ளோ நேரம் கருப்பு கல்லு பாத்துட்டு இது என்ன செவப்புன்னா, பாக்சைட். அதே சார்னகைட் மேல லட்சக்கணக்கான வருஷம் மழை கொட்டி சிலிக்காவ கரைச்சு எடுத்துட்டு போக, அலுமினியமும் இரும்பும் மட்டும் தங்கிருச்சு. இங்க இருந்து மேட்டூர் அலுமினிய ஆலைக்கு லாரி லாரியா போயிருக்கு.

எறங்கறப்ப குப்பனூர் வழி. இந்த பக்கம் கூட்டம் கம்மி, ஆனா செகண்ட் கியர விட்டு மாத்தாதீங்க. வழியில ஒரு எடத்துல கிழக்கால ஆத்தூர் வரைக்கும் பள்ளத்தாக்கு நேரா கோடு போட்ட மாதிரி தெரியும், வடக்கால சேர்வராயன், கல்வராயன், தெக்கால ஜருகுமலை, போதமலை, கொல்லிமலை. இவ்ளோ நேரா இருக்கறது சும்மா இல்ல, சேலம் ஆத்தூர் வெட்டு மண்டலம்னு அதுக்கு பேரு, ரெண்டு பக்க மேலோடும் பூமிக்குள்ள ஒண்ண ஒண்ணு உரசி நசுக்கின பழைய கோடு. அந்த பலவீனமான கல்ல தண்ணி சுலபமா அரிச்சு பள்ளத்தாக்காக்கிருச்சு, அதுல தான் ஆத்தூர் ரோடும் ரயிலும் போகுது.

அடுத்தது நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டி. அங்க இருக்கற அனார்த்தோசைட் நிலாவோட மேட்டு நிலத்து பாறை மாதிரியே இருக்கறதால, இஸ்ரோ அத அரைச்சு தான் சந்திரயான் லேண்டர சோதிக்க செயற்கை நிலா மண்ணு பண்ணாங்க. சித்தப்பா வரேன்னு சொல்லிட்டாரு, காந்தத்த மட்டும் ஆட்டுக்கார பையன் கிட்டயே குடுத்துட்டு வந்துட்டேன், இன்னொரு பழைய ஸ்பீக்கர் தேடணும்.