கன்னிமாராவில் ஓர் இரவு

அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளை முன்னிட்டு, அண்ணா சாலையின் இரைச்சலிலிருந்து பின்னி சாலைக்குள் திரும்பியதும் தெரியும் கன்னிமாரா விடுதியில் நேற்று இரவு தங்கினோம். 1854இல் ‘இம்பீரியல்’ என்ற பெயரில் தொடங்கிய இவ்விடுதிக்கும், நான் படித்து வளர்ந்த எழும்பூர் நூலகத்துக்கும் பெயர் தந்தவர், 1886 முதல் 1890 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த கன்னிமாரா பிரபு. 1930களின் ஆர்ட் டெகோ என்னும் கட்டடப் பாணியில் அமைந்த முகப்பு அழகுதான். ஆயினும், இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1970களில் வடிவமைத்த, நீச்சல் குளத்தை ஒட்டிய பகுதியே என் மனத்தை முழுமையாகக் கவர்ந்தது.

இவ்வூரிலேயே வாழ்ந்தும் இதன் வாசலை இதுவரை தாண்டியிராத அம்மா, விடியற்காலையில் அங்கே அமர்ந்து, காபியை ஆற்றியபடியே, தண்ணீரில் அசைந்த கட்டடத்தின் நிழலை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.