முட்டைக்குக் காவல்

மார்ச் 27, 2026, வெள்ளி

பள்ளியிலிருந்து அடைகாக்கும் பெட்டி வந்து சேர்ந்தது. சின்னவன் அதை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேகத்தடைக்கும் தன் அப்பாவை அதட்டியபடி வந்திருக்கிறான். உள்ளே எட்டு முட்டைகள். விடுமுறைக்கு ஊருக்குப் போகாதவர்கள் யார் என்று வகுப்பில் கேட்டார்களாம். கை தூக்கியவன் இவன் ஒருவன்தான். அடை வைத்தது 13ஆம் தேதி. கோழிக்கு இருபத்தொரு நாள். வைக்கும் முன் காலண்டரைப் புரட்டிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லையா? கணக்குப்படி பெரிய வெள்ளியன்று பொரிக்க வேண்டும்.

சாப்பாட்டு மேசையில் பாதி போயிற்று. ஜன்னலோரம் கூடாது, ஹீட்டர் அருகே கூடாது, வாசல் காற்று படக்கூடாது என்றால் வேறு எங்கே வைப்பது?

37.5 டிகிரி. ஈரப்பதம் 47. படுத்த பிறகும் எழுந்து போய்ப் பார்த்தேன். 47தான்.

மார்ச் 28, சனி

இன்று வெளிச்சம் பிடித்துப் பார்த்தோம். குளியலறை விளக்கை அணைத்து, கதவிடுக்கில் துண்டைச் செருகி, டார்ச்சின் வாயில் முட்டையை நிறுத்தினால் உள்ளே இருப்பது தெரிகிறது. அகன்ற முனையில் காற்றறை மட்டும் வெளிச்சமாக; கீழே முக்கால்வாசியும் இருட்டு; அந்த விளிம்பில் சிவப்பு நரம்புகள். நாலாவது முட்டையில் அந்த இருட்டு அசைந்தது. புரண்டு படுப்பது போல ஓர் அசைவு. சின்னவன் என் முழங்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

இரண்டு முட்டைகளில் ஒன்றுமே இல்லை. வெளிச்சம் இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வந்தது. கூமுட்டை. “உன்னைப் போல” என்று பெரியவள் தம்பியிடம் சொல்ல, அவன் அழ, அவர் கதவைத் தட்ட, நான் கையில் முட்டையோடு இருட்டில் நின்றேன். விட்டுவைத்தால் அழுகி உள்ளேயே வெடித்துவிடுமாம். எடுத்துவிட்டேன். ஆறு.

அப்பாவோடு பேசினேன். பத்து நிமிடத்தில் நாலு முறை இருமினார். “தூசி அம்மா” என்றார். தூசியாம்.

மார்ச் 29, குருத்து ஞாயிறு

கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தியாயிற்று. காலை ஏழு மணிக்கு முட்டையைத் திருப்ப வேண்டும். எந்த ஏழு? பழைய ஏழா, புதிய ஏழா? வீடே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதிட்டது. கோழி கடிகாரம் பார்ப்பதில்லை என்று அவர் தீர்ப்புச் சொன்னார். கோழி ஒரு நாளில் எத்தனையோ முறை திருப்பும். நாங்கள் மூன்று முறை. ஒற்றைப்படையாக இருந்தால்தான் நீண்ட இரவில் ஒரே பக்கமே கீழே கிடக்காது. திருப்பாமல் விட்டால் கரு உள்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம், பென்சிலால். பேனா மை ஓட்டின் நுண்துளை வழியாக உள்ளே இறங்கிவிடும் என்று பயம்.

இந்தக் குழப்பத்தில் பவனி புறப்பட்ட பிறகுதான் கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். குருத்தோலையைச் சின்னவன் பெட்டியின் மேல் செருகியிருந்தான். காற்றுத் துளையை அடைக்கிறது என்று எடுத்து, சிலுவைக்குப் பின்னால் வைத்தேன். அடுத்த ஆண்டு சாம்பல் புதனுக்கு எரிக்கக் கொடுக்கும்வரை அங்கேயே இருக்கட்டும்.

மார்ச் 30, திங்கள்

அப்பா எடுக்கவில்லை. அண்ணன் எடுத்து, “தூங்குகிறார்” என்றான். பகல் பதினொரு மணிக்கா?

மார்ச் 31, செவ்வாய்

பதினெட்டாம் நாள். இன்றோடு திருப்புவது நின்றது. இனி குஞ்சு தன் தலையைக் காற்றறைப் பக்கம் வைத்து, தானே தோதாகப் படுத்துக்கொள்ளும். ஈரப்பதத்தை 68க்கு ஏற்றினேன். இனி மூடியைத் திறக்கக்கூடாது. திறந்தால் ஈரம் போய், சவ்வு காய்ந்து, குஞ்சைத் துணி சுற்றியதுபோல இறுக்கிவிடும். அதன்பின் உள்ளே இருக்கும் குஞ்சால் ஒன்றும் செய்ய முடியாது. காகிதத்தில் “தொடாதே” என்று எழுதி மூடியில் ஒட்டினேன். அதைப் பார்த்து அவர், “எங்களுக்கா, உனக்கா?” என்று கேட்டார். பதில் சொல்லவில்லை.

கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அலமாரியை ஒழித்தேன். போன வருட ரசீதுகளை வரிசைப்படுத்தினேன். அண்ணனுக்கு மூன்று செய்தி அனுப்பினேன். அறிக்கை ஈஸ்டர் கழிந்துதான் வருமாம். அது வந்த பிறகுதான் பயணச்சீட்டு எடுக்க வேண்டுமா வேண்டாமா என்று தெரியும்.

ஏப்ரல் 1, புதன்

விடியற்காலையில், “பொரித்துவிட்டது!” என்று சின்னவன் கத்தினான். செருப்பில்லாமல் ஓடினேன். ஏப்ரல் முட்டாள். மதியம்வரை நான் யாரோடும் பேசவில்லை.

மாலையில் வெங்காயச் சருகு கொதிக்கவைத்துச் சாயம் இறக்கினோம். முட்டை செங்கல் நிறத்துக்கு வருகிறது. சிவப்பு முட்டைக்கோஸில் நீலம், மஞ்சள் தூளில் மஞ்சள். கொஞ்சம் வினிகர் விட்டால் ஓட்டின் சுண்ணாம்பைச் சற்று அரித்துச் சாயத்தைப் பிடிக்கவைக்கும். ஆனால் சின்னவன் முட்டையை வேகவைக்கவே விடவில்லை. கடை முட்டை சேவல் இல்லாமல் இட்டது, அதில் கரு கிடையாது என்று எவ்வளவோ சொன்னேன். கடைசியில் ஓர் ஒப்பந்தம்: பெட்டியின் மேல் துண்டு போட்டு மூடிய பிறகு வேகவைக்கலாம், உள்ளே இருப்பவர்கள் பார்க்கக்கூடாது.

அக்காலத்தில் தவக்காலம் முழுவதும் முட்டையும் விலக்கு. கோழிக்கு அது தெரியாதே, அது பாட்டுக்கு இட்டுக்கொண்டிருக்கும். சேர்ந்துபோனதைத்தான் ஈஸ்டருக்குச் சாயம் பூசித் தின்று தீர்த்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 2, பெரிய வியாழன்

இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல ஃபாதர் பாதம் கழுவும் பன்னிரண்டு பேரில் பெரியவளும் இருந்தாள். 2016இல் போப் பிரான்சிஸ் விதியை மாற்றும்வரை அது ஆண்களுக்கு மட்டும். அவளுக்கு அந்தப் பெருமையெல்லாம் இல்லை, நகப்பூச்சுதான் கவலை. மத்தியானம் முழுவதும் கால் நகங்களைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். இடது சுண்டுவிரலில் மட்டும் ஒரு நீலப் புள்ளி நின்றுவிட்டது. ஃபாதர் தண்ணீர் ஊற்றும்போது அந்த விரலை மடக்கிக்கொண்டதை நான் பார்த்தேன்.

‘உன்னதங்களிலே’ பாடிய பிறகு கோவில் மணி ஓய்ந்தது. இனி சனி இரவுதான் அடிக்கும். வீட்டுக்கு வந்தால் பெட்டி அலறிக்கொண்டிருக்கிறது: ஈரப்பதம் 59. மூடியைத் திறக்காமல், துளை வழியாக, மருந்து ஊற்றும் சிரிஞ்சால் வெந்நீர் விட்டேன். 61. 64. நெடுநேரம் கழித்து 67.

வெளியே முழுநிலவு. ஈஸ்டர் ஏன் ஆண்டுக்கு ஒரு தேதியில் வருகிறது என்று சின்னவன் கேட்டான். மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னரோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறு என்றேன். மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். “அப்படியானால் கோழி எவ்வளவோ மேல்” என்றான்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

ஒன்றுமில்லை.

பதினான்கு வயது முடிந்ததால் இவ்வாண்டு முதல் பெரியவளுக்கும் மாமிசம் விலக்கு. முட்டை சாப்பிடலாம் என்றதும், “உள்ளே குஞ்சு இருந்தால் அது முட்டையா மாமிசமா?” என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டார். சிரிக்க வேண்டிய நாளா இது?

மூன்று மணி வழிபாடு. பீடம் வெறுமையாக இருந்தது. இன்று பூசை கிடையாது, நேற்று வைத்த நற்கருணைதான். சிலுவையை முத்தமிட வரிசையில் நிற்கும்போதும் 68, 68 என்றே மனத்தில் ஓடியது.

இரவு அப்பாவே அழைத்தார். முட்டைகளை விசாரித்தார். பாட்டி காலத்தில் அடைக்கோழியை எழுப்பிப் பார்த்தால் அடி விழுமாம். நீளமாகப் பேசினார். இரண்டு முறைதான் இருமல். அண்ணன் பக்கத்தில் நின்று மாத்திரை எதுவும் கொடுத்துவிட்டுத்தான் பேசவைத்தானோ?

ஏப்ரல் 4, சனி

காலை 5.40. சத்தம் கேட்கிறது. ஓட்டில் கீறல்கூட இல்லை. ஆனால் உள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம். காற்றறைக்குள் அலகை நுழைத்து முதல் மூச்சு விட்டிருக்கிறது.

11.15. நாலாவது முட்டையில், அகன்ற முனைக்குக் கொஞ்சம் கீழே, ஓடு நட்சத்திரமாக விரிசல் விட்டு ஒரு சில்லு மேலே தூக்கி நிற்கிறது. அந்த ஓட்டைக்குள் அலகு நுனி தெரிகிறது. அதன் மேல் வெள்ளையாக ஒரு புள்ளி. அதுதான் முட்டைப்பல், பொரித்த சில நாளில் விழுந்துவிடும். மற்ற ஐந்தும் வாய் திறக்கவில்லை.

மதியம் 3. அதே ஓட்டை, அதே அலகு. துளையிட்ட பிறகு ஒரு நாள்கூட ஆகலாம். மிச்ச மஞ்சள் கருவையும் ஓட்டோரத்து இரத்தத்தையும் உள்ளிழுத்து முடிக்கும்வரை அது வெளியே வராது, அவசரப்பட்டு உரித்தால் இரத்தம் கொட்டும். எனக்குத் தெரியும். தெரிந்தும் சவ்வு காய்ந்துவிட்டதோ என்று ஒவ்வொரு முறையும் கண் அங்கேதான் போகிறது.

மாலை 6. இன்றிரவு ஈஸ்டர் திருவிழிப்பு வழிபாட்டில் பெரியவளுக்கு மூன்றாம் வாசகம், செங்கடலைக் கடக்கும் பகுதி. மற்றவற்றைக் குறைத்தாலும் அதை மட்டும் விட முடியாது. இருட்டிய பிறகுதான் தொடங்குவார்கள், முடிய நள்ளிரவாகும். “நான் இருந்துகொள்கிறேன், நீங்கள் மூவரும் போங்கள்” என்றார் அவர். அவருக்கு ஈரப்பதம் பார்க்கத் தெரியாது. நான் இருந்தால் பெரியவள் மன்னிக்க மாட்டாள். சின்னவன் பெட்டியோடு கோவிலுக்கே போகலாம் என்கிறான்.

7.30. இரண்டாவது முட்டையிலும் விரிசல். நாலாவதில் அலகு அசையவில்லை. நான் பார்க்கும்போது மட்டும் அசைவதில்லை என்கிறாள் பெரியவள், வாசகத் தாளிலிருந்து கண்ணெடுக்காமல்.

8.05. அண்ணனிடமிருந்து இரண்டு தவறிய அழைப்புகள். திரும்பக் கூப்பிட்டால் வேறு அழைப்பில் இருக்கிறான். ஒன்பதுக்குள் கிளம்ப வேண்டும். சின்னவனின் ஒரு ஷூவைக் காணவில்லை.