பொட்டாசியம் அளவு தெரிந்தும் பெயிலான கதை

முதல் தடவை எனக்கு 150 கேள்வியும் வந்தது. அமெரிக்காவில் நர்ஸாக வேலை பார்க்க எழுத வேண்டிய என்கிளெக்ஸ் தேர்வை எழுதியவர்களுக்குத் தெரியும், 85 கேள்வி முடிந்த பிறகு கம்ப்யூட்டர் எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும், இவள் தேறுவாளா மாட்டாளா என்று அதற்கு 95 சதவீதம் உறுதியாகத் தெரிந்தால் போதும். என் விஷயத்தில் அதற்குக் கடைசி வரை தெரியவில்லை. 86 வந்தபோது பரவாயில்லை என்று நினைத்தேன், 120 தாண்டியபோது கை வியர்த்து மவுஸ் வழுக்கியது, 150 முடிந்து வெளியே வந்து சென்னை வெயிலில் நின்றபோது என்ன கேட்டார்கள் என்றே நினைவில்லை. பெயில்.

பெயிலானவர்களுக்கு மட்டும் ஒரு அறிக்கை அனுப்புவார்கள். எட்டுப் பகுதிகளில் ஒவ்வொன்றிலும் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே இருக்கிறாயா, கிட்டத்தில் இருக்கிறாயா, கீழே இருக்கிறாயா என்று அதில் இருக்கும். நோய்கள், அவசர நிலை, ஐசியு சமாச்சாரம் எல்லாவற்றிலும் நான் கோட்டுக்கு மேலே. மருந்துகளில் கிட்டத்தில். கீழே இருந்தது இரண்டே இரண்டு: பராமரிப்பு நிர்வாகமும் தொற்றுத் தடுப்பும். ஏழு வருடம் மதுரையில் மெடிக்கல் வார்டு பார்த்தவள், ஒரு நைட்டில் 24 பெட்டைத் தனியாகச் சமாளித்தவள், எனக்கு வார்டு நிர்வாகம் தெரியவில்லையாம். அன்றைக்கு வந்த கோபம் இரண்டு வாரம் இருந்தது.

பேப்பர் வேலையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, அது தனிப் புராணம். ஒன்று மட்டும்: நம் ஊர்ப் பெயரில் இருக்கும் இனிஷியல். என் சான்றிதழ்களில் ஒற்றை எழுத்து இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே கொடுங்கள், தேர்வு மையத்தில் எழுத்துக்கு எழுத்து பார்ப்பார்கள். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் எழுதி வாங்கி அனுப்பிச் சரிசெய்ய எனக்கு மூன்று மாதம் போனது. பணம் 200 டாலர், அமெரிக்காவுக்கு வெளியே எழுதுவதால் இன்னொரு 150. பெயிலானால் அத்தனையும் மறுபடி கட்ட வேண்டும். 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம் என்றாலும் நான் நான்கு மாதம் எடுத்துக்கொண்டேன், பணம் சேரவும் வேண்டுமே.

சரி, படிப்புக்கு வருகிறேன். (பரீட்சையில் வந்ததை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் உட்கார்கிறோம், அதனால் இங்கே சொல்வதெல்லாம் பயிற்சியில் பார்த்தவை.)

முதல் தடவை நான் படித்தது பிஎஸ்சி படித்த மாதிரியே. இதயத்தில் ஆரம்பித்து, நுரையீரல், சிறுநீரகம் என்று பெரிய புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து, நான்கு கலர் பேனாவோடு. அடிசன், குஷிங், எஸ்ஐஏடிஹெச் என்று ஹார்மோன் கோளாறுகளை எல்லாம் தலைகீழாகச் சொல்வேன். இரண்டாவது தடவை புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேள்வியில் ஆரம்பித்தேன், அப்போதுதான் எங்கே ஓட்டை என்று தெரிந்தது.

இந்த மாதிரி ஒரு கேள்வி. டூட்டிக்கு வந்ததும் நான்கு நோயாளிகள், யாரை முதலில் பார்ப்பாய்? சிஓபிடி என்ற நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ள ஆள், ரத்தத்தில் ஆக்சிஜன் சாச்சுரேஷன் 90 சதவீதம். முழங்கால் ஆபரேஷன் முடிந்தவர், வலி பத்துக்கு எட்டு. சர்க்கரை 240 உள்ள ஒருவர். நேற்று தைராய்டு எடுத்த பெண், உதட்டைச் சுற்றி மரத்துப்போன மாதிரி குறுகுறுப்பாக இருக்கிறது என்கிறாள். நான் யோசிக்காமல் 90-ஐ எடுத்தேன். மூச்சுதானே முதலில்! தப்பு. சிஓபிடிக்காரருக்கு 88 முதல் 92 வரை இருந்தால் அது அவருடைய வழக்கமான நிலை. வலி கொடுமைதான், ஆனால் உயிரை எடுக்காது. உதட்டுக் குறுகுறுப்பு என்றால் தைராய்டோடு சேர்த்து பாராதைராய்டும் அடிபட்டிருக்கிறது, கால்சியம் இறங்குகிறது, அடுத்தது தொண்டைத் தசை இறுகி மூச்சுக்குழாய் அடைக்கலாம். இந்த நான்கு பேரைப் பற்றியும் தனித்தனியாகக் கேட்டிருந்தால் நான் சரியாகச் சொல்லியிருப்பேன், கால்சியம் குறைவைக் காட்டும் ஷ்வாஸ்டெக், ட்ரூசோ இரண்டு அறிகுறியும் செய்து காட்டியிருப்பேன். பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்ததும் சத்தமாக இருந்த எண்ணின் பக்கம் ஓடிவிட்டேன். வார்டிலும் அப்படித்தான், யாருடைய அட்டெண்டர் கத்துகிறாரோ அந்தப் பெட்டுக்குத்தான் கால் முதலில் போகும்.

அப்புறம் யாரிடம் எந்த வேலையைக் கொடுப்பது என்ற பகுதி. அமெரிக்காவில் ஆர்.என். (முழுத் தகுதி பெற்ற நர்ஸ்), அவருக்குக் கீழே எல்.பி.என். (குறைந்த காலப் படிப்பு படித்த நர்ஸ்), அதற்கும் கீழே உதவியாளர். நோயாளியை மதிப்பிடுவது, சொல்லிக்கொடுப்பது, பலன் கிடைத்ததா என்று பார்ப்பது மூன்றும் ஆர்.என். கையை விட்டுப் போகக்கூடாது. நிலை சீராக இருப்பவருக்கு மாத்திரை கொடுப்பது, டிரெஸ்ஸிங் செய்வது எல்.பி.என்.னுக்குப் போகலாம். குளிப்பாட்டுவது, நடக்க வைப்பது, சீரான நோயாளிக்கு பிபி பார்ப்பது உதவியாளருக்கு. பக்கவாதம் வந்தவருக்கு முதல் தடவை வாயில் ஊட்டுவதா? உதவியாளரிடம் கொடுக்கக்கூடாது, விழுங்க முடிகிறதா என்று பார்ப்பதே ஒரு மதிப்பீடு. இதைப் படித்தபோது எங்கள் வார்டு ஆயாம்மா நினைவுக்கு வந்தார். இருபது வருட அனுபவம், மூக்குக் குழாய் வழியாகப் பால் விடுவதிலிருந்து எல்லாம் செய்வார், அவர் இல்லாத நாளில் நோயாளியின் மருமகள் செய்வாள். பயிற்சிக் கேள்விகளில் நான் செய்த தப்பில் பாதி ஆயாம்மா கணக்கில்தான் வந்தது. கேள்வியில் வரும் உதவியாளரை ஆயாம்மா என்று நினைத்தே வேலை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

‘டாக்டரைக் கூப்பிடு’ என்ற விடையும் இப்படித்தான் என்னைக் கவிழ்த்தது. இங்கே அதுதான் பத்திரமான பதில், எதுவானாலும் முதலில் டியூட்டி டாக்டருக்குச் சொல்லிவிட்டால் நம் தலை தப்பும். அங்கே முதலில் உன் கையால் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ரத்தம் ஏறும்போது நடுக்கமும் இடுப்பு வலியும் வந்தால் முதல் வேலை ரத்தத்தை நிறுத்துவது, அப்புறம் புது டியூப் போட்டு நார்மல் சலைன், அதற்கு அப்புறம்தான் போன். மூச்சுத் திணறுபவரை நிமிர்த்தி உட்கார வைக்காமல் டாக்டரைத் தேடி ஓடினால் தப்பு. செய்ய வேண்டியதெல்லாம் செய்தாகிவிட்டது என்று கேள்வியிலேயே இருந்தால் அப்போது டாக்டரைக் கூப்பிடு.

நோயாளியிடம் பேசும் கேள்விகள் இன்னும் மோசம். “ஒண்ணும் ஆகாதும்மா, எல்லாம் சரியாயிடும்” என்று ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்கிற ஆள் நான். அங்கே அது பொய்யான ஆறுதல், பார்த்ததும் அடித்துவிட வேண்டிய விடை. “ஏன் அப்படி நினைக்கிறீங்க?” என்பதும் பெரும்பாலும் தப்பு, ‘ஏன்’ என்றால் குற்றம் சாட்டுகிற மாதிரி இருக்குமாம். “ரொம்பக் கவலையா இருக்கீங்க போல, சொல்லுங்க” என்கிற மாதிரி இருப்பதுதான் சரி. புற்றுநோய் என்று அப்பாவிடம் சொல்லாதீர்கள் சிஸ்டர் என்று மகன் வந்து கையைப் பிடித்தால் இங்கே நான் தலையாட்டிவிடுவேன். அங்கே தெரிந்துகொள்ளும் உரிமை நோயாளிக்கு, மகனிடம் பேசவே அவர் சம்மதம் வேண்டும். எது நல்லது என்று எனக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை. பரீட்சைக்கு அவர்கள் சொல்வதை எழுதினேன்.

மருந்துகளில் எனக்கு அடி விழுந்தது பெயரில். நம் பாராசிட்டமால் அங்கே அசெட்டமினோஃபென், சால்பியூட்டமால் ஆல்பியூட்டரால், அட்ரினலின் எபிநெஃப்ரின், பெத்திடின் மெபெரிடின், ரிஃபாம்பிசின் ரிஃபாம்பின், கிளிபென்கிளமைடு கிளைபுரைட். தினமும் கையில் எடுக்கும் மருந்து வேறு பெயரில் வந்து நின்றால் அரை நிமிடம் முழிக்கிறோம். ஒரு தாளில் இரண்டு பெயரையும் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன், மாமியார் மளிகை லிஸ்ட் என்று நினைத்து ஒரு நாள் கிழித்துவிட்டார். உணவுப் பெயரும் அப்படித்தான். எம்ஏஓஐ என்ற மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர் பழுத்த சீஸ், சலாமி, ரெட் ஒயின் சாப்பிடக்கூடாது என்பதை மனப்பாடம்தான் செய்தேன், அந்த சீஸை நான் கண்ணால் பார்த்ததில்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர் கவனிக்க வேண்டிய கீரை என்று புத்தகத்தில் கேல் என்று போட்டிருந்தால் நான் முருங்கைக்கீரை என்று மாற்றிப் படித்தேன், அப்போதுதான் நின்றது.

அதிலிருந்துதான் அடுத்த யோசனை வந்தது. எண்களைப் பட்டியலாகப் படிப்பதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு எண்ணையும் நான் பார்த்த ஒரு பெட்டோடு முடிச்சுப் போட்டேன். பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை: டயாலிசிஸுக்கு வரும் ஒரு தாத்தா, வெயிலுக்கு இரண்டு இளநீர் குடித்துவிட்டு வந்து படுத்தார், பொட்டாசியம் ஏறி இசிஜியில் டி அலை கூடாரம் மாதிரி கூர்ந்து நின்றது. கால்சியம் குளுக்கோனேட் இதயத்தைக் காக்க, இன்சுலினும் டெக்ஸ்ட்ரோஸும் பொட்டாசியத்தை செல்லுக்குள் தள்ள, எல்லாம் அவர் முகத்தோடு ஞாபகம் வரும். பொட்டாசியம் இறங்கினால் டிஜாக்சின் என்ற இதய மருந்து விஷமாகும் என்பதற்கு, அதோடு நீர் பிரிக்கும் ஃப்ரூசமைடும் எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, சோறு வேண்டாம், எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்றார். கர்ப்பிணிகளுக்கு வலிப்பு வராமல் கொடுக்கும் மக்னீசியம் சல்பேட்டுக்கு நான் மாணவியாக இருந்தபோது பார்த்த பிரசவ வார்டு: முழங்கால் துள்ளல் இல்லை, மூச்சு 12-க்குக் கீழே, சிறுநீர் மணிக்கு 30 மில்லிக்குக் கீழே, உடனே நிறுத்து, முறிவு மருந்து கால்சியம் குளுக்கோனேட். ஹெப்பாரினுக்கு புரோட்டமின், வார்ஃபரினுக்கு வைட்டமின் கே, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் 2 முதல் 3. மனநல மருந்தான லித்தியம் 0.6 முதல் 1.2, அதற்கு மட்டும் எனக்குப் பெட் கிடைக்கவில்லை, மனநல வார்டில் இருந்தது மொத்தமே ஒரு மாதம், அதனால் அதைக் கடைசி வரை மறந்துகொண்டே இருந்தேன்.

தொற்றுத் தடுப்பில் பெயிலானது உண்மையிலேயே வெட்கம். காசநோயைப் பார்க்காத நாள் இல்லை, ஆனால் நாங்கள் ஜன்னலைத் திறந்து வைப்போம், ஒரு மாஸ்க் போடுவோம், பக்கத்திலேயே மனைவி உட்கார்ந்து இட்லி ஊட்டுவார். அங்கே காசநோய், தட்டம்மை, சின்னம்மை மூன்றுக்கும் காற்றழுத்தம் குறைந்த தனி அறை, உள்ளே போகும் நர்ஸுக்கு என்95, வெளியே அழைத்துப் போகும்போது நோயாளிக்குச் சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க். இதை மாற்றி மாற்றிப் போட்டேன். சி.டிஃப் என்ற பாக்டீரியா வயிற்றுப்போக்குக்கு ஆல்கஹால் ஜெல் பலிக்காது, சோப்பும் தண்ணீரும்தான் என்பதும் இரண்டாவது தடவைதான் மண்டையில் ஏறியது.

நேரம் எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். கிடைக்கவில்லை. நைட் முடிந்து வந்து பையனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தூங்கி, மூன்று மணிக்கு எழுந்து ஐந்து வரை, ஒரு நாளைக்கு 50 கேள்வி. டே டூட்டி என்றால் 20 கூட முடியாது. கேள்வி போடுவதைவிட விளக்கம் படிக்கத்தான் அதிக நேரம் ஆகும், சரியாகப் போட்டதற்கும் படித்தேன், சிலது குருட்டாம்போக்கில் சரியாகியிருக்கும். தப்பானதை ஒரு நோட்டில் எழுதும்போது விடையை எழுதவில்லை, எதனால் தப்பாக்கினேன் என்று எழுதினேன். தெரியாமல் போனது, தெரிந்தும் கேள்வியைச் சரியாகப் படிக்காதது, ‘எங்க வார்டு’. மூன்றாவதற்கு அப்படித்தான் பெயர் வைத்திருந்தேன். முதல் மாதம் பக்கத்துக்குப் பக்கம் ‘எங்க வார்டு’, கடைசி மாதம் வாரத்துக்கு இரண்டோ மூன்றோ.

2023 ஏப்ரலிலிருந்து வரும் புது வகைக் கேள்விகளுக்குப் பயப்படாதீர்கள். ஒரே நோயாளியின் கேஸ் ஷீட்டைக் கொடுத்து ஆறு கேள்வி கேட்பார்கள்: எது கவலைக்குரியது, என்னவாக இருக்கும், என்ன செய்வாய், செய்ததில் தேறினாரா. டூட்டி மாறும்போது நாம் ஓவர் எடுக்கும்போது மனதுக்குள் ஓடுவதுதான் அது, எனக்கு அதுதான் எளிதாக இருந்தது. பொருந்துவதையெல்லாம் தேர்ந்தெடு என்ற வகையில் இப்போது சரியான அளவுக்குப் பகுதி மதிப்பெண் உண்டு, ஆனால் தப்பான ஒன்றைத் தொட்டால் கிடைத்ததில் ஒன்று கழியும். சந்தேகமானதைத் தொடாதீர்கள்.

இரண்டாவது தடவை அதே மையம், அதே பாஸ்போர்ட் சோதனை, அதே மாதிரி உள்ளங்கையை மெஷினில் வைத்து ரத்தநாள ஸ்கேன். இந்தத் தடவை இரண்டு மணி நேரத்தில் இடைவேளை வேண்டுமா என்று கேட்டபோது எடுத்துக்கொண்டேன், முகம் கழுவினேன், ஒரு வாழைப்பழம். திரும்பி வந்து கொஞ்ச நேரத்தில், 103-வது கேள்வியில், திரை அணைந்தது. நல்லதா கெட்டதா என்று தெரியாமல் மதுரை பஸ் ஏறினேன். மூன்றாம் நாள் நைட் டூட்டியில், ஒன்றரை மணிக்கு, மருந்து அறையில் நின்றுகொண்டு போனில் பார்த்தேன். பாஸ். சத்தம் போட முடியாது, நோயாளிகள் தூங்குகிறார்கள். ஆயாம்மாவை எழுப்பிச் சொன்னேன், “அப்போ அமெரிக்கா போயிருவியாம்மா?” என்றார். இன்னும் ஆங்கிலப் பரீட்சை இருக்கிறது, விசாவுக்கு முன்னால் நம் படிப்பைச் சரிபார்க்கும் விசாஸ்கிரீன் இருக்கிறது, அதற்கு அப்புறம் விசா வரிசை வருடக்கணக்கில் இருக்கிறது என்றேன். “அப்போ சரி” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.