யூயெல்ம்: மூன்று ஊர் குத்தகையில் ஒரு பள்ளிக்கூடம்

ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் வாலிங்ஃபோர்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது யூயெல்ம். சின்ன ஊர்தான். மேட்டில் தேவாலயம், அதை ஒட்டிய சரிவில் ஏழை முதியவர்களுக்கான விடுதி, அதற்கும் கீழே பள்ளிக்கூடம். நான் போனது என்னவோ ஆலிஸ் சாசரின் கல்லறையைப் பார்க்கத்தான்.

ஆலிஸ், கவிஞர் ஜெஃப்ரி சாசரின் பேத்தி. கணவர் சஃபோக் பிரபு வில்லியம் டி லா போல். 1437இல் ஆறாம் ஹென்றி மன்னரிடம் அனுமதி வாங்கி இருவரும் இந்த அறநிலையத்தைத் தொடங்கினார்கள். 13 முதியவர்கள், இரண்டு குருமார்கள். ஒரு குரு விடுதியைக் கவனிக்க வேண்டும், இன்னொருவர் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் இலக்கணம் சொல்லித்தர வேண்டும். இலக்கணம் என்றால் லத்தீன் இலக்கணம். ஜெபமும் படிப்பும் அன்று அந்த மொழியில்தான்.

செலவுக்கு ராம்ரிட்ஜ், கானக், மார்ஷ் கிப்பன் என மூன்று பண்ணைகளின் வருமானத்தை எழுதிவைத்தார்கள். நம் ஊர் கோயில் கட்டளை மாதிரியேதான். அந்தப் பண்ணைகளின் குடியானவர் பிள்ளைகளுக்கும் படிப்பு இலவசம் என்பது விதி. ஆனால் மூன்றும் வெவ்வேறு மாவட்டங்களில் இருக்கின்றன. அங்கே உழுதவர் பிள்ளை இவ்வளவு தூரம் நடந்து வந்தா படித்திருக்கும்?

சும்மாவும் கொடுக்கவில்லை. முதியவர்கள் தினமும் பல வேளை இந்தத் தம்பதியின் ஆன்மாவுக்காக ஜெபிக்க வேண்டும். வில்லியமுக்கு அது தேவைப்பட்டது: 1450இல் நாடுகடத்தப்பட்டுப் போனவரைக் கடலிலேயே மறித்துத் தலையை வெட்டிவிட்டார்கள்.

1475இல் இறந்த ஆலிஸ், தேவாலயத்துக்குள் வெண்பளிங்கில் கைகூப்பிப் படுத்திருக்கிறார். இடது முன்கையில் கார்ட்டர் பட்டை, இங்கிலாந்து மன்னர் தரும் மிக உயர்ந்த வீரப் பட்டத்தின் அடையாளம். அந்தச் சிலைக்கு அடியில், சிறு வளைவுகளுக்குப் பின்னால், வற்றி எலும்பாய்ப் போன அவரது பிணத்தையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்தால்தான் அது தெரியும். படுத்தேன். போன் வெளிச்சத்தில் பார்த்தால், பிணத்தின் முகத்துக்கு மேலே உள்ள கல்லில் ஓவியங்கள்! அந்தக் கல் கண்கள் மட்டும் பார்ப்பதற்காக வரைந்தவை. பின்னால் யாரோ செருமினார்கள். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டேன்.

பதினாறாம் நூற்றாண்டு மதச் சீர்திருத்தத்தில், இறந்தவர்களுக்காக ஜெபிக்க ஏற்படுத்திய அறநிலையங்கள் பலவற்றை அரசு எடுத்துக்கொண்டது. யூயெல்ம் எப்படியோ தப்பித்தது. விடுதியில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். செங்கல் அபூர்வமாக இருந்த காலத்தில் எழுப்பிய அதே பள்ளிக் கட்டடத்தில், இப்போது இங்கிலாந்துத் திருச்சபையின் தொடக்கப்பள்ளி அரசுச் செலவில் நடக்கிறது. வேலை நாளில் வெளியாளை உள்ளே விடமாட்டார்கள், விடவும் கூடாது. மதிலோரம் நின்று அந்தச் சிவப்புச் செங்கல்லைத் தொட்டுப் பார்த்ததோடு சரி.

அப்புறம் பள்ளி விடும் நேரம். பெற்றோர்களின் கார்கள் அந்தக் குறுகலான சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டன. என் வண்டியும் நடுவில் மாட்டி, இருபது நிமிஷம் நகரவே இல்லை.